டீசல் ஜீப்: அடுத்தடுத்து மிதித்தால் பிரேக் கல்லாகிறது

கேள்வி: பழைய 4 வீல் டிரைவ் டீசல் ஜீப். முதல் மிதி சரி. இறக்கத்தில் நாலு முறை மிதித்தால் பெடல் இறுகிவிடுகிறது. பூஸ்டரை (வேக்குவம், அதாவது உறிஞ்சல், மூலம் பிரேக் மிதியை லேசாக்கும் பாகம்) மாற்றணுமா?

பதில் 1: பூஸ்டரைத் தொடாதீங்க. முதல் மிதி சரின்னா அது வேலை செய்யுது. மிதிக்க மிதிக்கச் செலவாகும் வேக்குவம் திரும்ப உருவாக நேரமாகுது, அதான் பெடல் இறுகுது. பழைய டீசலில் பெரும்பாலும் திராட்டில் (காற்று வழியை அடைக்கும் தகடு) கிடையாது, அதனால் வேக்குவத்துக்கு மேனிஃபோல்டை (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயை) நம்ப முடியாது. ஆல்டர்னேட்டர் பின்னாடி உள்ள வேக்குவம் பம்ப்தான் கதி. பூஸ்டர் ஹோஸைக் கழற்றி வேக்குவம் அளக்கும் கேஜ் மாட்டுங்க. ஐடிலில் 20 அங்குலப் பாதரசத்துக்குக் கீழே நின்னா பம்புக்குள்ளே சுழலும் தகடுகள் (vanes) தேய்ஞ்சிருக்கலாம்.

பதில் 2: அதுக்கு முன்னாடி ஹோஸைப் பாருங்க. சாதா டீசல் ஹோஸ் போட்டிருந்தா உறிஞ்சலில் சப்பையாகிடும். ஒருவழி வால்வில் பூஸ்டர் பக்கம் ஊதினா காற்று போகணும், பம்ப் பக்கம் ஊதினா போகவே கூடாது.

பதில் 3: ஹோஸுக்குள்ளே ஆயில் இருந்தா பம்பின் ஆயில் ரிட்டர்ன் பைப்பில் அடைப்பான்னும் பாருங்க. சரியாகும்வரை மலைப்பாதை வேண்டாம்.