மறு: சண்டை ஆட்டங்களில் ‘கஸ்டம் கேரக்டர்’: வனைபொருநர் எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

காணொளிச் சண்டை ஆட்டங்களில் ஆடுபவர் தாமே உருவாக்கிக் களமிறக்கும் மாந்தரைக் குறிக்கும் ‘கஸ்டம் கேரக்டர்’ என்பதற்குத் ‘தனிப்பயன் பாத்திரம்’ என்றே வைத்துக்கொள்ளலாம், மென்பொருள் தமிழாக்கத்தில் அச்சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது என்று இந்த இழையில் இருவர் எழுதியிருக்கிறார்கள். பட்டிகளையும் (மெனு) அமைப்புகளையும் (செட்டிங்ஸ்) பொறுத்தவரை எனக்கு அதில் பிணக்கில்லை. ஆனால் சண்டை ஆட்டங்களுக்கு அது போதாது என்று கருதுகிறேன். அதற்கான காரணத்தை, பலரும் கவனிக்காமல் கடந்துபோன ஓர் ஆட்டத்தைக் கொண்டு விளக்குவதே எளிது.

காப்காம் நிறுவனம் 1997-இல் காசு போட்டு ஆடும் ஆர்கேடு எந்திரங்களுக்கும் 1998-இல் வீட்டில் ஆடும் பிளேஸ்டேஷன் கருவிக்கும் வெளியிட்ட ‘ரைவல் ஸ்கூல்ஸ்’ தான் அது. அந்நிறுவனத்தின் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ வரிசைக்குக் கிடைத்த புகழில் ஒரு சிறு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. வெவ்வேறு பள்ளிகளின் மாணவர்கள் அணி சேர்ந்து மோதுகிறார்கள். நட்சு கைப்பந்தையும், ஷோமா பேஸ்பால் மட்டையையும், ரொபெர்தோ கால்பந்தையும் ஆயுதமாக்குகிறார்கள். தக்க தருணத்தில் கூட்டாளி களத்துக்குள் பாய்ந்து வந்து சேர்ந்து தாக்குகிறார். இவையெல்லாம் சுவையானவைதாம் என்றாலும் நம் விவாதத்துக்கு உரிய பகுதி ஜப்பானியப் பதிப்பின் இரண்டாம் வட்டில் இருக்கிறது.

‘நெக்கெட்சு சேய்ஷுன் நிக்கி’ என்னும் அந்தப் பகுதியில் நாம் ஒரு புதிய மாணவரை உருவாக்கி, ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறோம். தொடக்கத்தில் நாம் கொடுப்பது தோற்றம் போன்ற சிலவற்றையே. அந்த மாணவர் பள்ளி நாட்களைக் கழிக்கிறார். மற்ற மாணவர்களோடு பேசுகிறார், பழகுகிறார். நட்பு நெருக்கமாக நெருக்கமாக அவர்களுடைய அடவுகளைக் கற்றுக்கொள்கிறார். (சண்டை அசைவைக் குறிக்கும் ‘மூவ்’ என்பதற்கு ‘அடவு’ என்று சென்ற வாரம் முன்மொழியப்பட்டதை முழு மனத்துடன் ஏற்கிறேன், ஆடலுக்கும் சிலம்பத்துக்கும் பொதுவான சொல் அது.) இவ்வாறு தேர்ந்தவரை அவ்வாட்டத்தின் மற்ற முறைமைகளிலும் (மோட்) களமிறக்கலாம். யாரோடு பழகினோமோ அவர்களின் சாயல் அவர் சண்டையிடும் விதத்தில் தெரியும். வேறு ஆட்டங்களில் பட்டியலிலிருந்து பொறுக்கி எடுக்கும் ஒன்றை இங்கே உறவின் வழியாகப் பெற வேண்டியிருக்கிறது.

இந்தப் பகுதியை ஆங்கிலத்தில் கொண்டுவரக் காப்காம் முதலில் திட்டமிட்டிருந்தது. உரையாடல்களை மொழிபெயர்க்க ஆகும் உழைப்பைக் கருதிக் கைவிட்டது. 1999-இல் தனி ஆட்டமாக வந்த இரண்டாம் ‘நெக்கெட்சு சேய்ஷுன் நிக்கி’ ஜப்பானை விட்டு வெளியே போகவே இல்லை. ‘ரைவல் ஸ்கூல்ஸ்’ ஆட்டத்தின் தொடர்ச்சியாக 2000-இல் வந்த ‘ப்ராஜெக்ட் ஜஸ்டிஸ்’ ஆட்டத்தின் ட்ரீம்காஸ்ட் கருவிக்கான பதிப்பில், பலகை ஆட்டம் ஒன்றை ஆடித் தம் மாணவரை உருவாக்கும் வசதி இருந்தது. அதுவும் ஜப்பானோடு நின்றது. ஆக, இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த கூறு வெளிநாட்டவர் பெரும்பாலோர் கைக்கு எட்டவே இல்லை. அது கவனிக்கப்படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது ‘தனிப்பயன்’ என்பதை எடுத்துக்கொள்வோம். இருக்கும் ஒன்றைத் தன் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்வதையே அது குறிக்கிறது. மேற்சொன்ன மாணவர் அப்படி மாற்றப்பட்டவர் அல்லர். ஆட்டத்தில் முன்பு இல்லாதவர். பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘ஃபைட்டர் மேக்கர்’ ஆட்டத்தில் உடலின் அசைவுகளையே நாம் அமைக்கலாம். 2005-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ‘சோல்காலிபர் 3’ ஆட்டத்தில் உடையையும் போர்த்தொழிலையும் தேர்ந்து ஒருவரை உருவாக்கலாம். இவற்றிலும் நடப்பது ஆக்கம்தான்.

‘பாத்திரம்’ என்பதும் எனக்கு உவப்பாக இல்லை. கதையில் வருபவர் எல்லாரும் பாத்திரங்களே. மோதுபவர் என்ற குறிப்பு அதில் இல்லை. ‘வீரர்’ என்றால் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்திருக்கும் விளையாட்டு வீரரா, திரையில் இருப்பவரா என்ற குழப்பம் எழும். ‘போராளி’ இன்றைய வழக்கில் அரசியல் சொல்லாகிவிட்டது. ‘சண்டைக்காரர்’ என்றால் அக்கம்பக்கத்தில் வம்பு வளர்ப்பவர்தான் நினைவுக்கு வருவார்.

எனவே ‘பொருநர்’ என்ற பழஞ்சொல்லை முன்வைக்கிறேன். பொருதல் என்றால் போரிடுதல். பொருநர் என்பது போர்வீரரையும் குறிக்கும், கூத்தரையும் குறிக்கும். வேறொருவரின் உருவில் களத்தில் ஆடும் திரைவடிவத்துக்கு இவ்விரு பொருளும் ஒருசேரப் பொருந்துவது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. ‘பொருநன்’ என்று இந்த இழையில் ஒருவர் திருத்தியிருந்தார். ‘ரைவல் ஸ்கூல்ஸ்’ மாணவர்களான நட்சுவும் ஹினாட்டாவும் பெண்கள். ஆகவே இருபாலுக்கும் பொதுவான ‘ர்’ விகுதியே இருக்கட்டும்.

அதன் முன் ‘வனை’ என்னும் வினையைச் சேர்த்தால் ‘வனைபொருநர்’. உருக்கொடுத்தல், அணிசெய்தல் ஆகிய இரண்டும் வனைதலில் அடங்கும். ‘புனைபொருநர்’ என்ற மாற்றையும் பார்த்தேன். ஆனால் ஆட்டத்தோடு வரும் எல்லாருமே புனையப்பட்டவர்கள் என்பதால் அது வேறுபடுத்திக் காட்டாது. வனைபொருநர் என்பது வினைத்தொகை என்பதை இலக்கணம் அறிந்தோர் கவனிக்க வேண்டுகிறேன். வனைந்த, வனைகின்ற, வனையும் என்று மூன்று காலத்துக்கும் அது இடம் தருகிறது. இடையில் ஒற்று மிகாது. ‘ரைவல் ஸ்கூல்ஸ்’ மாணவர் முதல் திரையிலேயே முடிந்துவிடுபவர் அல்லர், ஆட ஆட உருப்பெறுபவர் என்பதை ‘உருவாக்கப்பட்ட’ என்னும் இறந்தகாலப் பெயரெச்சத்தால் சொல்ல இயலாது.

ஆட்டத்தின் போக்கில் அடவுகளைக் கற்றுத் தேர்பவரைத் தனியே சுட்ட வேண்டுமானால், வளர்பிறை என்பதைப் போல ‘வளர்பொருநர்’ எனலாம். ‘ஃபைட்டர் மேக்கர்’ தருவது வனைபொருநர் மட்டுமே. ‘நெக்கெட்சு சேய்ஷுன் நிக்கி’ தருவது வளர்பொருநரும் ஆவார்.

பழஞ்சொல் யாருக்கும் புரியாது என்ற மறுப்பு வரும். அதைவிட எனக்குப் பெரிதாகப் படும் இடர், ‘பொருளர்’ என்பதன் எழுத்துப்பிழை என்று வாசகர் எண்ணிவிடக்கூடும் என்பதே. முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் தந்தால் அது தீரும். பட்டிகளில் இடம் குறைவு என்பதால் பொத்தானில் ‘வனை’ என்று மட்டும் இடலாம். ஆட்டத்தோடு வரும் ஆயத்த மாந்தரை அடைமொழியின்றிப் ‘பொருநர்’ என்றே விட்டுவிடலாமா, அவர்களுக்கும் ஓர் அடைமொழி தேவையா என்பதில் குழுவினரின் கருத்தை அறிய விரும்புகிறேன்.