காய்ச்சலோடு மூட்டுவலி: இதய வால்வு நோயாளி என்றால் முதல் ஊசிக்கு முன் ரத்தக் கல்ச்சர்

கொழிஞ்சாம்பாறை, டாக்டர்:
மழை பிடித்துவிட்டால் இந்த எல்லைப் பக்கம் காய்ச்சல், உடம்புவலி என்றாலே எலிப்பனி (எலிக்காய்ச்சல்), இல்லாவிட்டால் சிக்குன்குனியா. பெரும்பாலும் அதுதான். ஆனால் வாதக்காய்ச்சலில் இதய வால்வு கெட்டவரோ செயற்கை வால்வு வைத்தவரோ வந்தால், வால்வில் கிருமி தொற்றும் எண்டோகார்டைட்டிஸையும் நினைக்க வேண்டும். சிலருக்கு மூச்சிரைப்புக்கு முன்பே மூட்டுவலிதான் முதல் தொந்தரவு.

சிக்குன்குனியா இரு பக்கமும் விரல், மணிக்கட்டு, கணுக்காலைப் பிடிக்கும். காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும். எலிப்பனியில் இரண்டு கெண்டைக்கால்களும் தொட்டாலே வலிக்கும், கண் சிவக்கும். எண்டோகார்டைட்டிஸிலோ பெரும்பாலும் ஒன்றிரண்டு பெரிய மூட்டுகள், முழங்காலோ தோளோ. கூடவே இடுப்புவலி, ஒரு பக்கத் தொடைவலி. காய்ச்சல் வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும், உடம்பு இளைக்கும். ஒரு கால் மட்டும் திடீரென வலித்துச் சில்லிட்டு நாடி கிடைக்காவிட்டால் அது தசைவலியே அல்ல. வால்விலிருந்து பிய்ந்த கிருமித் திரள் ரத்தக்குழாயை அடைத்திருக்கலாம், உடனே அனுப்புங்கள்.

இன்னொரு குழி: முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தச் சோதனை எண்டோகார்டைட்டிஸிலும் பாசிட்டிவ் வரும். அதை நம்பி முடக்குவாதம் என்று ஸ்டீராய்டு கொடுத்தால் வலி அடங்கும், கிருமி வளரும்.

செங்கோட்டை, லேப் டெக்னீஷியன்:
டாக்டர் சார் சொன்னதோடு ஒன்று. ஆன்டிபயாடிக் ஒரு டோஸ் போனாலே ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) நெகட்டிவ் ஆகலாம். அதனால் முதல் ஊசிக்கு முன்பே ரத்தம் எடுங்கள். மூன்று செட், மூன்று தனித்தனி குத்து, அரை மணி இடைவெளி. பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8–10 மில்லி. ஏற்கெனவே நரம்பில் போட்டிருக்கும் கேனுலாவில் (ஊசிக்குழாயில்) எடுக்காதீர்கள். குளிர்காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், கிருமி ரத்தத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. எலிப்பனி தடுப்புக்கு டாக்சிசைக்ளின் சாப்பிட்டிருந்தால் படிவத்தில் எழுதுங்கள். மாடு வளர்ப்பவர், பச்சைப்பால் குடிப்பவர் என்றாலும் எழுதுங்கள். கால்நடையிலிருந்து வரும் புருசெல்லா கிருமி என்றால் லேபில் இருப்பவருக்கே தொற்றும்.

குமுளி, ஸ்டாஃப் நர்ஸ்:
மூட்டில் நீர் எடுத்து அதில் கிருமி வளராவிட்டாலும் எண்டோகார்டைட்டிஸ் இல்லை என்று விட்டுவிடாதீர்கள் அண்ணா. எதிர்ப்புப் புரதங்கள் மூட்டில் படிந்தும் வீங்கும். அந்த வலி மருந்து ஆரம்பித்துச் சில நாளில் குறைந்துவிடும். குறையாமல் முதுகெலும்பில் ஒரே இடத்தில் தட்டினால் வலித்தால், ரவுண்ட்ஸில் சொல்லி எம்.ஆர்.ஐ. கேளுங்கள். முதுகெலும்பில் சீழ் பிடித்திருந்தால் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. அப்படியிருந்தால் நான்கு வார மருந்து குறைந்தது ஆறு வாரமாகும்.