9-ஆவது அட்டவணையில் சேர்த்த சட்டத்தை நீதிமன்றம் தொடவே முடியாதா?

கேள்வி: தமிழ்நாட்டின் 69% இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994-இல் 76-ஆவது அரசமைப்புத் திருத்தம் மூலம் அரசமைப்பின் 9-ஆவது அட்டவணைக்கு (நீதிமன்ற ரத்திலிருந்து சட்டங்களைக் காக்கும் பட்டியல்) போனது. உச்ச நீதிமன்றம் வைத்த 50% வரம்பைத் தாண்டியும் நிற்க அதுதான் காரணம் என்கிறார்கள். அப்படியென்றால் இனி வழக்கே போட முடியாதா?

பதில் 1: போடலாம். 1951-இல் முதல் திருத்தம் 31பி பிரிவையும் (அட்டவணையில் உள்ள சட்டத்தை அடிப்படை உரிமை மீறல் என்று ரத்து செய்ய முடியாது என்பது) 13 சட்டங்களோடு இந்த அட்டவணையையும் கொண்டுவந்தது. ஜமீன் ஒழிப்பைக் காப்பதே நோக்கம். நீதிமன்றம் ஏற்கெனவே ரத்து செய்த சட்டமும் அட்டவணையில் ஏறினால் முன்தேதியிட்டு உயிர் பெறும். அந்தப் பூட்டை 2007 ஜனவரி 11-இல் உச்ச நீதிமன்றத்தின் கோயல்ஹோ வழக்குத் தீர்ப்பு தளர்த்தியது. வழக்கு கிளம்பிய இடம் நம்ம கூடலூர் ஜன்ம (பரம்பரை நிலவுடைமை) நிலச் சட்டம்தான்! 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது: 1973 ஏப்ரல் 24-க்கு (கேசவானந்த பாரதி தீர்ப்பு நாள்) முன் ஏறியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. அன்றோ அதற்குப் பின்போ ஏறியவை அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை (திருத்தத்தாலும் சிதைக்க முடியாத அதன் மையக் கூறுகள்) குலைத்தால் விழும். 69% பின்னால் வந்தது, ஆகவே சோதனைக்கு உட்பட்டதே.

பதில் 2: ஒன்று விட்டுப்போச்சு. சட்டமன்றம் தானாக அட்டவணையில் சேர்க்க முடியாது. நாடாளுமன்றம் 368-ஆவது பிரிவின்படி அரசமைப்பைத் திருத்த வேண்டும். பலர் சறுக்குவது இன்னொரு இடத்தில்: மூலச் சட்டம் உள்ளே இருந்தாலும், மாநிலம் பிறகு செய்யும் திருத்தத்துக்குப் பாதுகாப்பு தானாக வராது. அதையும் தனியாகச் சேர்க்கணும்.

கேட்டவர்: அப்போ 14 (சமத்துவம்), 19 (பேச்சு முதலிய சுதந்திரங்கள்), 21 (உயிர், தனிமனித சுதந்திரம்) ஆகிய மூன்று அடிப்படை உரிமைப் பிரிவுகளையும் வைத்து வாதிடலாமா?

பதில் 1: ஆமாம். ஆனால் உரிமை மீறல் என்று காட்டினால் மட்டும் போதாது, அந்த மீறல் கட்டமைப்பையே அசைக்கிறது என்றும் காட்டணும். மனுக்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.