பாண்டி டைவ்ல நுடிபிராங்க் (ஓடு இல்லாத கடல் நத்தை) கண்ணுலயே மாட்ட மாட்டேங்குது, எங்கதான் தேடறது?

ஓடி_பையன்:
கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) நமக்கு. பாண்டில ஓபன் வாட்டர்ங்கற ஆரம்ப டைவிங் கோர்ஸ் முடிச்சுட்டு லீவு கெடைக்கறப்பல்லாம் டெம்பிள் ரீஃப்ல எறங்கறேன், கான்கிரீட், கயிறெல்லாம் போட்டு கடலடில செஞ்ச செயற்கைத் திட்டு அது. மீன் கூட்டம் கூட்டமா வருது, லயன்ஃபிஷ் கூட பாத்தாச்சு, ஆனா கூட வர்றவங்க போட்டோல மட்டும் கலர் கலரா நுடிபிராங்க், அதே எடத்ததான் நானும் பாத்தேன் ஒண்ணும் தெரியல. இதுக்கு கண்ணு தனியா வேணுமா?

உப்புக்காத்து:
கண்ணு இல்ல ப்ரோ, டார்ச் வேணும். அஞ்சாறு மீட்டர் தாண்டினாலே சிவப்பு செத்துடும், 18 மீட்டர்ல எல்லாமே நீலச்சாம்பல்தான், லைட் அடிச்சாத்தான் ஆரஞ்சு ஆரஞ்சா தெரியும். அப்புறம் அத தேடாதீங்க, அது திங்கறத தேடுங்க. சில வகை ஸ்பாஞ்ச் (கடல் பஞ்சுங்கற உயிரி) மேலயே உக்காந்து மேயும், சிலது ஹைட்ராய்டு, அதாங்க கயிறு கான்கிரீட்ல பொடிசா கிளை விட்டு நிக்குமே, கைல பட்டா அரிக்குமே, அது. அந்த கொட்டற செல்ல ஜீரணம் பண்ணாம தன் முதுகு நுனில சேத்து வெச்சுக்கும், திருட்டு ஆயுதம் 😄 செவுத்துல ரிப்பன் பக்கோடா சுருட்டி ஒட்டின மாதிரி இருந்தா முட்டை, அங்கயே நின்னு சுத்திப் பாருங்க. முக்கியமா கால்ல மாட்டற ஃபின்ன ஆட்டி மண்ண கெளப்பாதீங்க, பாதி பேர் ரீஃப்ப ரவுண்டு அடிச்சுட்டு வந்து ஒண்ணும் இல்லங்கறாங்க.

ஓடி_பையன்:
சூப்பர்ணா. ஒரு தடவ மெல்லிசா ஓரம் நெளிய நெளிய ஒண்ணு போச்சு, அது இதுதானா?

வில்லியனூர்_டைவர்:
அது ஃபிளாட்வார்மா (தட்டைப்புழு) இருக்கும் தம்பி. நுடிபிராங்க்னா தலைல ரெண்டு கொம்பு நல்லா துருத்திட்டு நிக்கும், நெறைய வகைல பின்பக்கம் செவுள் கொத்தா விரிஞ்சிருக்கும், நிழல் பட்டா டக்னு உள்ள இழுத்துக்கும். ஃபில்லிடியாங்கற நுடிபிராங்க் வகை மட்டும் ஏமாத்தும், கருப்பு நீல வரி, நுனி மஞ்சளான புடைப்பு, முதுகுல செவுளே இருக்காது, அடில இருக்கும். அத புடிச்சு பக்கெட்ல போடற வேலையெல்லாம் வேணாம், அது விடற விஷத்துல கூட இருக்கற மீன் செத்துடும்.

சில்வர்பீச்_வாசி:
டைவ் தெரியாதவங்களுக்கும் ஒண்ணு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் பெசன்ட் நகர்ல ஒதுங்குச்சே ப்ளூ டிராகன், அதுவும் இந்த சொந்தம்தான். தண்ணி மேல மல்லாந்து மெதக்கற ஜாதி. கரைல கெடந்தா பசங்க அழகா இருக்குன்னு எடுப்பாங்க, விடாதீங்க, நல்லா கொட்டும்.

ஓடி_பையன்:
டார்ச் இந்த வாரமே வாங்கிடறேன். ஐப்பசி மழைக்கு முன்ன எறங்கினாத்தான் உண்டுல்ல?

உப்புக்காத்து:
ஆமா, மழை புடிச்சு ஆத்துத்தண்ணி கலந்துடுச்சுன்னா உங்க கையே உங்களுக்குத் தெரியாது. காஸ்ட்லி டார்ச் வேணாம், மணிக்கட்டுல மாட்டற கயிறு இருக்கான்னு மட்டும் பாத்து வாங்குங்க.