பதிவு பண்ணாத தாலி செல்லாதா? – 'அலைபாயுதே' கல்யாணம்

ரயிலடி: 'அலைபாயுதே' படத்துல வீட்டுக்குத் தெரியாமத் தாலி கட்டிக்கிட்ட "கார்த்திக்–சக்தி கல்யாணம் ரிஜிஸ்டர் ஆகல, அதனால செல்லாது. சக்தியோட அக்காவுக்கு வந்த சம்பந்தத்துலயே மாப்பிள்ளையோட தம்பிக்குச் சக்தியைக் கட்டி வச்சிருக்கலாம்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வருது. பதிவு பண்ணலைன்னே வச்சுக்குவோம். இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 8(5): பதிவேட்டுல ஏறாததால கல்யாணம் செல்லாமப் போகாது. தமிழ்நாட்டுல பதிவைக் கட்டாயமாக்கினதே 2009 சட்டம்தான். படம் வந்தது 2000.

வேப்பமரம்: எழுதினது நான்தான். வீட்டுல "நடக்கவே இல்ல"ன்னு சாதிச்சா கையில என்ன காகிதம் இருக்கு?

ரயிலடி: காகிதம் எதுக்கு? கூட நின்ன நண்பர்கள் சாட்சி. 1967ல அதே சட்டத்துல தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவைப் படிங்க. நண்பர்கள் முன்னால மாலை மாத்தினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும், ஐயர்கூட வேண்டாம். பொண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆகியிருக்கணும். அதுக்கப்புறம் இன்னொருத்தனுக்குக் கட்டி வச்சா, படம் வந்தப்போ இருந்த இபிகோ 494 (2024 ஜூலைலேருந்து பாரதிய நியாய சன்ஹிதா 82), ஏழு வருஷம் வரைக்கும் உள்ள.

வேப்பமரம்: 494ல ரெண்டு கல்யாணமும் முறைப்படி நடந்ததை நிரூபிக்கணும். நண்பன் பின்வாங்கினா கேஸ் அங்கேயே படுத்துடும். பதிவு இருந்தா அந்தப் பயமே இல்ல.

மல்லிப்பூ: ரெண்டு பேரும் பதிவையே பிடிச்சுத் தொங்குறீங்க. கார்த்திக்கோட வக்கீல் வீட்டுக்கும் சக்தியோட ரயில்வே வீட்டுக்கும் சம்பந்தப் பேச்சு முறிஞ்சதுதான் விஷயம். தாலி கட்டிட்டு அவங்கவங்க வீட்டுக்கே திரும்பிப் போனாங்களே, அந்தப் பயத்தை எந்தச் சட்டம் தீர்க்கும்? இந்தி 'சாத்தியா'வுல ராணி முகர்ஜி அதை நல்லாவே காட்டினாங்க.

ரயிலடி: 'சாத்தியா' 2002ல வந்த ரீமேக். தமிழ்ல சக்தியா ஷாலினி செஞ்சதைத்தான் அவங்க திருப்பிச் செஞ்சாங்க. போன மாசமும் இதே கதையை ஆரம்பிச்சீங்க.

மல்லிப்பூ: போன மாசம் பதில் சொல்லாம ஓடினது நீங்கதான். கார்த்திக்கை ஏன் யாரும் கேக்கறதில்ல? சக்தி அப்பா முடியாமக் கிடக்கறப்போ வீம்பு பிடிச்சு, கடைசியில போய்ச் சேர்றதுக்குள்ள அவர் உயிரே போயிடுச்சு.

வேப்பமரம்: கட்டி முடிக்காத வீட்டுல குடித்தனம் வச்சவனுக்கு என்ன வீம்பு! சக்தி அம்மா கதவைச் சாத்தினதைப் பேச மாட்டீங்களே.

மல்லிப்பூ: ஒளிச்சு ஒளிச்சுக் கல்யாணம் பண்ணின பொண்ணு வாயிலேருந்து அதைக் கேக்கற அம்மாவுக்கு வலிக்காதா? அந்த அம்மாவா நடிச்ச ஜெயசுதா முகத்தை இன்னொரு தடவை பாருங்க.

ரயிலடி: அம்மா கோபம் நியாயமாவே இருக்கட்டும், கல்யாணம் செல்லும். சடங்கே நடக்காம வெறும் சான்றிதழ் வாங்கினா அது இந்துத் திருமணமே இல்லைன்னு 2024ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. தாலிதான் கல்யாணம், சான்றிதழ் வெறும் அத்தாட்சி.

வேப்பமரம்: அந்த அத்தாட்சியைத்தான் நானும் முதல்லேருந்து கேக்கறேன்.

ரயிலடி: நீங்க முதல்ல எழுதினது "செல்லாது". மேல போய்ப் படிச்சுட்டு வாங்க.