எம்பிஏ மூன்றாவது செமஸ்டரில் அட்டெண்டன்ஸ் இறங்குகிறது: டிசி வாங்கிவிட்டு அடுத்த வருடம் சேரலாமா?

தண்டையார்பேட்டை மாணவி

எல்லோருக்கும் வணக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு தனியார் கல்லூரியில் எம்பிஏ படிக்கிறேன். டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி கவுன்சலிங் வழியாகக் கிடைத்த இடம். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம்.

அப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூர் பக்கம் வண்டிகள் வரிசையில் நின்றபோது கேபினிலிருந்து இறங்கப் போய், கால் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஸ்டான்லியில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் தூக்கி உட்கார வைக்க, பெட்பேன் வைக்க, வாக்கரைப் பிடித்து நாலு அடி நடக்க வைக்க கூடவே ஆள் வேண்டும். அம்மா விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போய்விடுவார். அந்த வியாபாரம் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. தம்பி பிளஸ் டூ. ஆக, நான்தான் இருக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அட்டெண்டன்ஸ் 71 சதவீதம், தேர்வு எழுத 75 வேண்டும். ஆபீஸில் கேட்டதற்கு, "டிசி வாங்கிக்கொண்டு போம்மா, அடுத்த வருடம் வந்து சேர்ந்துகொள்" என்றார்கள். வகுப்பு ஆசிரியர் மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டு வரச் சொல்கிறார். சீனியர் ஒருவர், பேசாமல் டிடெயின் ஆகிவிடு (அட்டெண்டன்ஸ் குறைவால் தேர்வு எழுதாமல் நின்றுவிடு), அடுத்த வருடம் அதே செமஸ்டரை ரீடூ செய்யலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? முதல் இரண்டு செமஸ்டரிலும் அரியர் கிடையாது, சிஜிபிஏ 8.7. வங்கியில் கல்விக் கடன் வேறு ஓடுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம் ரயிலடி

உங்கள் பெயரிலேயே ஒரு மெடிக்கல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மஞ்சள் காமாலை, டைபாய்டு என்று எழுதித் தருகிற கிளினிக் எங்கும் உண்டு. எல்லோரும் செய்வதுதான்.

காலடிப்பேட்டை அக்கா

ஒரு பொறியியல் கல்லூரியின் அகடெமிக் செக்‌ஷனில் பல வருடம் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், தயவுசெய்து முதலில் இதைப் படி. டிசி வாங்காதே. கையெழுத்துப் போடச் சொல்லி எந்தப் படிவத்தை நீட்டினாலும், "டிஸ்கன்டின்யூ" என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பார். இருந்தால் கையெழுத்து வேண்டாம். டிசி வாங்கிவிட்டால் கல்லூரியின் கணக்கில் நீ படிப்பை விட்டுப் போனவள். திரும்ப வருவது உன் உரிமையாக இருக்காது, அவர்கள் தயவாகிவிடும்.

உனக்குத் தேவையான வழி விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதற்குப் பெயர் பிரேக் ஆஃப் ஸ்டடி. தக்க காரணம் இருந்தால் படிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, பின்னால் வரும் செமஸ்டரில் திரும்பச் சேரலாம். முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்தின் அகடெமிக் கோர்சஸ் மையத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். கவனிக்க வேண்டியது தேதியைத்தான். செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளுக்குள் விண்ணப்பம் கொடுத்திருக்க வேண்டும். அந்த நாள் தாண்டினால் அப்பாவின் எக்ஸ்ரேயைக் கொண்டுபோய்க் காட்டினாலும் பலன் இல்லை.

காரணத்துக்கு எடுத்துக்காட்டாக விபத்து, நீண்ட நாள் நோயால் மருத்துவமனையில் இருப்பது ஆகியவற்றை விதி சொல்கிறது. விபத்து உனக்கு நடக்கவில்லை, அப்பாவுக்கு நடந்தது. அதனால் கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கவனித்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை என்பதைத் தாள்களோடு காட்ட வேண்டும். நான் வேலை பார்த்தபோது, முதல்வர் மனம் வைத்துப் பரிந்துரை எழுதிய விண்ணப்பங்கள்தான் நகர்ந்தன.

அந்தப் பொய் மெடிக்கல் வேண்டவே வேண்டாம். நீ இருந்த இடம் ஸ்டான்லி வார்டு. உண்மையான டிஸ்சார்ஜ் சம்மரி உன் வீட்டில் இருக்கும்போது, இல்லாத காமாலைக்கு ஏன் சீட்டு வாங்க வேண்டும்? பிடிபட்டால் ஒழுங்கு நடவடிக்கை உன் மேல்தான் வரும், எழுதிக் கொடுத்தவர் மேல் வராது.

தண்டையார்பேட்டை மாணவி

மிக்க நன்றி அக்கா. டிடெயின் ஆனாலும் ஒரு வருடம்தான் போகிறது, பிரேக் எடுத்தாலும் ஒரு வருடம்தான் போகிறது. அப்புறம் என்ன வித்தியாசம்?

காலடிப்பேட்டை அக்கா

உன் 8.7 சிஜிபிஏவுக்கு அது பெரிய வித்தியாசம். முதல் வகுப்பு டிஸ்டிங்ஷனுக்கு 8.5 வேண்டும், எல்லாப் பாடமும் முதல் முறையிலேயே தேறியிருக்க வேண்டும். கூடவே, அட்டெண்டன்ஸ் குறைவால் தேர்வு எழுதவிடாமல் தடுக்கப்பட்டவராக இருக்கக் கூடாது என்றும் ஒரு நிபந்தனை உண்டு. டிடெயின் ஆனால் அந்த வாசல் மூடிவிடும், கடைசி செமஸ்டரில் நீ பத்துக்குப் பத்து எடுத்தாலும் திறக்காது. அனுமதி வாங்கி எடுத்த ஒரு வருட பிரேக் அப்படி இல்லை. எம்பிஏவை இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டும் என்பது உனக்கு மூன்று வருடமாக நீளும், டிஸ்டிங்ஷன் கைவிட்டுப் போகாது. டிடெயின் ஆன காலத்தைப் பின்னால் பிரேக் என்று மாற்றி எழுதவும் முடியாது, விதியே அதைத் தனியாகச் சொல்கிறது. பேசாமல் டிடெயின் ஆகு என்று சொன்ன சீனியர் இதைக் கவனித்திருக்க மாட்டார்.

உன் பேட்ச் எந்த ரெகுலேஷனில், அதாவது எந்த வருடத்து விதித் தொகுப்பில் வருகிறது என்று ஹால் டிக்கெட்டிலோ மதிப்பெண் தாளிலோ பார்த்து, அந்த வருடத்துப் புத்தகத்தைப் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள். பேசும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டு.

வியாசர்பாடி சீனியர்

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரேக் எடுப்பதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்க்கலாமே? இதுவரை எத்தனை பீரியட் நடந்தது, நீங்கள் எத்தனைக்குப் போனீர்கள், இன்னும் எத்தனை மீதி என்று சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை மாணவி

டிபார்ட்மெண்டில் கேட்டேன் அண்ணா. செமஸ்டர் முழுக்க 540 பீரியட். நடந்தது 400, நான் போனது 284. மீதி 140.

வியாசர்பாடி சீனியர்

சரி. இனி ஒரு வகுப்புக்கும் போகாவிட்டால் 540-க்கு 284, அதாவது 53-க்கும் கீழே. 75 சதவீதம் வர 405 பீரியட் வேண்டும். அதற்கு மீதி 140-இல் 121 போக வேண்டும், ஏறக்குறைய தினமும் போவதற்குச் சமம். 65 சதவீதத்துக்கு 351. இன்னும் 67 போனால் போதும், அதாவது பாதி நாள்.

பாதி நாள் போனால் 65-ஐத் தொட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருப்பவர்களைத் தேர்வு எழுத விடும் சலுகை மாணவருடைய சொந்த உடல்நலக் காரணத்துக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் உரியது. குடும்பத்தில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்பது அதில் வராது. ஆக, பாதி நாள் ஓடி ஓடிப் போய் 66-இல் நின்றால் அலைச்சல்தான் மிச்சம், தேர்வும் எழுத முடியாது, டிஸ்டிங்ஷனும் போகும். ஒன்று 121-க்கு ஆள் ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள், முடியாதென்றால் இப்போதே பிரேக்குக்கு எழுதிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்து.

என் அறைத்தோழன் ஒருவன் டிசி வாங்கிப் போனான். திரும்பி வந்தபோது அவன் இடம் இல்லை என்று கல்லூரி கைவிரித்துவிட்டது. ஒரு வருடம் படித்தது அவனுக்கு வீணானது இன்னும் எனக்கு ஆறவில்லை.

ராயபுரம் ரயிலடி

மெடிக்கல் விஷயம் விடுங்கள், அக்கா சொல்வது சரி. தேர்வு நேரத்தில் மட்டும் வித்ட்ராயல் என்று ஒன்று உண்டே, அது உதவாதா?

காலடிப்பேட்டை அக்கா

வித்ட்ராயல் வேறு, அது அந்தத் தடவை தேர்விலிருந்து மட்டும் அனுமதியோடு விலகிக்கொள்வது. அட்டெண்டன்ஸ் சரியாக இருந்து, தேர்வு எழுதத் தகுதியும் இருந்து, கடைசி நேரத்தில் உடம்பு முடியாமல் போனவர்களுக்கும் வீட்டில் எதிர்பாராதது நடந்தவர்களுக்கும் ஆனது. தேர்வுக்குப் பத்து நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும், மிக அவசரமான நிலையில் அந்தப் பத்து நாளைத் தளர்த்துவதும் உண்டு. முழுப் படிப்பிலும் ஒரே ஒரு தடவைதான். அது முயற்சிக் கணக்கில் சேராது. இப்போது இவளுக்குப் பயன்படாது. அப்பாவுக்கு இன்னொரு ஆபரேஷன் வந்து, அது திரும்பச் சேர்ந்த பிறகு தேர்வு நேரத்தில் விழுந்தால் அன்றைக்கு உதவும். அதனால் அந்த ஒரு வாய்ப்பைக் கையில் வைத்திரு.

கொருக்குப்பேட்டை

நேரே கிண்டியில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கே போய்விடலாமே? தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சின்னமலையில் இறங்கிக்கொள்ளலாம். இந்த ஆபீஸில் அலைவதை விட அது மேல் இல்லையா? இன்னொன்று, 2022-லிருந்து ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு படிக்க யுஜிசி அனுமதித்திருக்கிறதே. பிரேக் எடுக்கும் வருடத்தில் இக்னோ எம்பிஏவில் சேர்ந்துவிட்டால் என்ன?

காலடிப்பேட்டை அக்கா

கிண்டிக்குப் போனால் கல்லூரி வழியாக வா என்று திருப்பி அனுப்புவார்கள். முதல்வரின் பரிந்துரை இல்லாத தாள் அங்கே நிற்காது. மெட்ரோ காசு மிச்சம்.

இக்னோ நல்ல படிப்புதான், இரண்டு வருடம் முதல் நான்கு வருடம் வரை நேரம் தருகிறார்கள். ஆனால் பாதி எம்பிஏ கையில் இருக்கும்போது அதே எம்பிஏவை இன்னோர் இடத்தில் முதலிலிருந்து தொடங்கி, அதற்கும் பணம் கட்டுவதில் என்ன லாபம்? எம்பிஏவையே மாற்றிக்கொள்வது என்று முடிவெடுத்தால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம். அப்படிப் போகிறவர்கள் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டு வாங்குங்கள். நடுவில் விலகும் மாணவரின் ஒரிஜினல்களைப் பிடித்து வைக்கவோ, படிக்காத வருடத்துக்குக் கட்டணம் கேட்கவோ கூடாது என்பது தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலின் (ஏஐசிடிஇ) விதி.

தண்டையார்பேட்டை மாணவி

வீட்டில் பேசினோம். அத்தை வந்து இருக்கிறேன் என்கிறார், ஆனால் அவருக்கே முழங்கால் வலி, அப்பாவைத் தூக்க முடியாது. 121 நடக்காது. பிரேக்குக்கே எழுதப் போகிறேன். கடிதத்தில் என்னென்ன எழுத வேண்டும் அக்கா? வங்கிக்கும் சொல்ல வேண்டுமா?

காலடிப்பேட்டை அக்கா

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பதிவு எண், செமஸ்டர், எந்தத் தேதியிலிருந்து நிறுத்தம், எப்போது திரும்பச் சேருவாய். மூன்றாவது செமஸ்டர் ஒற்றைப்படை செமஸ்டர், வருடத்தில் ஒரு முறைதான் நடக்கும். அதனால் "அடுத்த கல்வியாண்டின் மூன்றாம் செமஸ்டரில் சேர அனுமதி வேண்டும்" என்று தெளிவாக எழுது. எம்பிஏவை முடிக்க அதிகபட்சம் எட்டு செமஸ்டர், பிரேக் எடுத்த காலமும் அதில் சேரும். உனக்கு முடிந்தது இரண்டு, பிரேக்கில் போவது இரண்டு, மீதி இரண்டு. ஆறில் முடிந்துவிடும், பயப்பட வேண்டாம். அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி, எத்தனை மாதம் துணை வேண்டும் என்று எலும்பு டாக்டர் கையெழுத்திட்ட சீட்டு, ரேஷன் கார்டு நகல் ஆகியவற்றை இணைத்துக்கொள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதற்கு ரேஷன் கார்டைப் போல வேறு சாட்சி இல்லை.

ஆபீஸில் கொடுக்கும்போது இரண்டு பிரதி கொண்டு போ. ஒன்றில் தேதியும் சீலும் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள். போட மாட்டோம் என்றால் சண்டை வேண்டாம், அன்றைக்கே முதல்வரின் மின்னஞ்சலுக்கு ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு, தபாலாபீஸில் டெலிவரி அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்ட்டும் போடு. கடைசித் தேதிக்குள் கொடுத்தாய் என்பதற்கு அதுதான் ஆதாரம். திரும்பச் சேரும்போது அன்றைக்கு நடைமுறையில் இருக்கும் பாடத்திட்டம்தான் உனக்கு. பாடங்கள் மாறியிருந்தால் ஒன்றிரண்டு கூடுதலாக எழுதச் சொல்லலாம். இந்த செமஸ்டருக்குக் கட்டிய பணத்தை அடுத்த வருடத்தில் கழிப்பார்களா என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும், அதையும் எழுத்தில் கேள்.

வியாசர்பாடி சீனியர்

வங்கிக்குக் கட்டாயம் சொல்லுங்கள். மாதிரி கல்விக் கடன் திட்டத்தில் படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்கள் பழைய தேதியை வைத்தே தவணையைத் தொடங்கிவிடுவார்கள், சிபில் என்கிற கடன் மதிப்பெண் கெடும். குறித்த காலத்தில் முடிக்க முடியாதவர்களுக்கு இரண்டு வருடம் வரை நீட்டிக்க அந்தத் திட்டத்தில் இடம் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்ததும் ஒரு நகலைக் கிளையில் கொடுத்து, புதிய முடிவுத் தேதியை எழுதி வாங்குங்கள். உதவித்தொகை வாங்குபவராக இருந்தால் அந்தப் பிரிவிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தண்டையார்பேட்டை மாணவி

கடிதம் கொடுத்துவிட்டேன். ஆபீஸில் மறுபடியும் டிசி என்றுதான் ஆரம்பித்தார்கள். விதிப் பக்கத்தைக் காட்டியதும் துறைத் தலைவரான ஹெச்ஓடியிடம் அனுப்பினார்கள். அவர் நின்றபடியே முழுக்கப் படித்தார், அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார், என்னைக் கூட்டிக்கொண்டு முதல்வர் அறைக்கே வந்தார். முதல்வர் பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் பிரதியில் சீல் இருக்கிறது. தேர்வுப் பதிவு முடிய இன்னும் நாள் இருக்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வர வேண்டும். அக்கா, அண்ணா, உங்கள் எல்லோருக்கும் மனதார நன்றி. பதில் வரும் வரை வகுப்புக்குப் போகலாமா, நின்றுவிடலாமா?

காலடிப்பேட்டை அக்கா

அத்தை வரக்கூடிய நாட்களில் போ. ஒருவேளை அனுமதி மறுக்கப்பட்டால் அந்த நாட்கள் கணக்கில் இருக்கும். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஹெச்ஓடியிடம் சொல்லி அனுப்பிய தபாலின் எண்ணைக் கேட்டு வாங்கு, இங்கே எழுது. அப்பாவை வாக்கரில் நடக்க வைக்கும்போது இடுப்பில் ஒரு துணியைக் கட்டிப் பிடித்துக்கொள்ளம்மா, உன் முதுகும் பிடித்துக்கொள்ளாது.