புதுப்பிப்பு: இரவு வானம் சாம்பலாகத் தெரிந்த திரை

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டக் கோயில் மண்டபத்திலுள்ள பழைய படக்குழாய்த் திரையில், தீமிதி ஒளிப்பதிவின் இரவு வானம் சாம்பலாக வெளிறுவதாகவும், தீக்குழியின் வெளிச்சம் திரையை நிறைத்தவுடன் நிழற்பகுதிகள் முற்றிலும் இருண்டுவிடுவதாகவும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். படச் சைகையைப் பெரிதாக்கும் அளவான பெருக்கம் குறைந்துவிட்டது என்று அப்போது நான் சொன்ன காரணம் தவறு.

சைகையைப் பெருக்கும் டிரான்சிஸ்டரின் கலெக்டர், எமிட்டர் என்ற இரு முனைகளில், கலெக்டர் மின்தடை 1000 ஓம், எமிட்டர் மின்தடை 220 ஓம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் பெருக்கம் ஏறத்தாழ நாலரை மடங்கு. அளந்தபோதும் அதுவே கிடைத்தது; ஆகவே பெருக்கம் குறையவில்லை.

பழுது அடுத்த கட்டத்தில் இருந்தது. இடையிலுள்ள இணைப்பு மின்தேக்கி நேர்மின்னோட்ட மட்டத்தைக் கடத்தாது என்பதால், காட்சியின் சராசரி வெளிச்சத்துக்கு ஏற்பக் கறுப்பு மட்டம், அதாவது திரையில் கறுப்பாகத் தெரிய வேண்டிய மின்னழுத்தம், ஏறி இறங்கும். அதைத் தடுப்பதற்காக, பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையின் 64 மைக்ரோ நொடி படவரி ஒவ்வொன்றிலும், வரியின் தொடக்கத்தைக் குறிக்கும் ஒத்திசைவுத் துடிப்பு முடிந்தபின் படமில்லாத சில மைக்ரோ நொடிகளில், மற்றொரு டிரான்சிஸ்டர் சுவிட்சாக இயங்கி அந்த மின்தேக்கியை ஒரு நிலையான மின்னழுத்தத்தில் பிணைக்க வேண்டும். அந்தச் சுவிட்சை இயக்கும் முனையான பேஸுக்குத் துடிப்பே வரவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, பேஸ் மின்தடையின் காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போன்ற வளைய விரிசல் தெரிந்தது.

பெருக்கத்தைக் கூட்டியிருந்தால் கறுப்பின் அலைச்சலும் சேர்ந்தே பெருகியிருக்கும். விரிசலை மறுபடி பற்றவைத்தபின், தீக்குழி திரையில் வந்தாலும் போனாலும் வானம் கறுப்பாகவே நிற்கிறது.